அவுகா மேடம்

வருசநாட்டுக்கு நான் மருமகளாகப் போன புதிதில் மாமியார் வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. அதில் ஏதோ இருக்கிறது என்று அந்தத் தெருவே நம்பியது, உச்சி வேளையில் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள், சுற்று வழியில்தான் வாய்க்காலுக்குப் போவார்கள். நான் அந்த மரத்தில் கயிறு கட்டித் துணி காயப்போட்டேன். மாமியார் பதறிப்போய் ஓடி வந்தார். "இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அத்த, கொடி அறுந்தா பிடிச்சுக்கிரும்ல" என்றேன். அவ்வளவுதான் எனக்குப் பேயும் பிசாசும். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான், ஜோசியக்காரன் வாசலுக்கு வந்தாலும் பக்கத்து வீட்டைக் காட்டிவிடுவேன்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு, பாவம், புருஷன் போன துக்கத்தில் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். என் தங்கச்சியே அப்படித்தான் நினைத்தாள், நான் சொல்லி முடிக்கும் முன்னாலேயே மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் மோர் கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும்.

என் பேர் ஈஸ்வரி. தேனி அல்லிநகரத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் செல்வம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று கம்பம் வரைக்கும் போய்ப் படம் எடுத்துவருவார், நான் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அதைத் திருத்தி ஆல்பம் போடுவேன். மாப்பிள்ளையின் வழுக்கையை மறைப்பதும் நாத்தனாரின் முறைப்பை வெட்டி எடுப்பதும் என் வேலை. ஆனால் கேமராவை மட்டும் தொடக் கூடாது. அவர் வெளியே போயிருக்கும்போது பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வந்தால்கூட, அவர் வந்ததும் வாங்க என்றுதான் சொல்லி அனுப்புவேன். ஒரு தடவை தூசி தட்டலாம் என்று கையில் எடுத்தேன், வாசலில் இருந்தே ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்துத் தையல் கடையில் மெஷினே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கேமராவை நான் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் புருஷனைப் பற்றி நாலு பேரிடம் சொல்லும்போது "அவுக வருவாக, அவுக சொன்னாக" என்போம். அவங்க என்று நீங்கள் சொல்வதுதான் அது. கல்யாணமான புதிதில் என் வாயில் மூச்சுக்கு ஒரு அவுக வந்ததைக் கேட்டு இந்த மனுஷன் கேலி செய்ய ஆரம்பித்தார். என்னைப் பற்றிப் பேசும்போது அவரும் அவுக என்பார். எவனாவது சிநேகிதன் போன் பண்ணினால், "இருங்க மாப்ள, அவுககிட்ட கேட்டுச் சொல்றேன், அவுக இப்ப பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்காக" என்பார். எந்த ஊரில் ஒரு ஆம்பளை பெண்டாட்டியை அவுக என்று சொல்வான்? எல்லோரும் சிரிப்பார்கள். நானும் முறைப்பேன், ஆனால் பிடித்திருந்தது, இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

மாசி மாதம் வருசநாட்டில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு பைக்கில் வரும்போது ஒரு வளைவில் மணல் சறுக்கி விழுந்தார். வேகமாகக்கூட வரவில்லையாம். கையை ஊன்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வண்டி சாய்ந்ததும் இரண்டு கையாலும் நெஞ்சில் தொங்கிய கேமராப் பையைக் கட்டிக்கொண்டாராம். பையில் ஒரு கீறல் இல்லை. அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கிணற்றில் வீசியிருப்பேன். என்னையா இப்படிக் கட்டிப் பிடித்தான் அந்த மனுஷன் என்று இருந்தது.

துக்கம் எல்லாம் முடிந்தபின் என் கொழுந்தன் மணி வந்தான். கெட்டவன் இல்லை. அவனுக்கு ஊர் பயம்.

"மதினி, கடையையும் கேமராவையும் ஒருத்தன் கேக்குறான். குடுத்துட்டு நீங்க வருசநாட்டுக்கே வந்துருங்க. கல்யாண வீட்டுல, தாலி கட்டுற எடத்துல, நீங்க போயி முன்னால நிக்க முடியுமா? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புருஷன் இல்லாதவள் மணமேடைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆனால் ஊருக்குப் போனால் அப்புறம் அடுப்படியும் அந்தப் புளியமரமும்தான் எனக்கு மிச்சம். அன்றைக்கு அவன் போனதும் சக்களத்தியை வெளியே எடுத்தேன். எத்தனையோ ஆயிரம் படத்தைத் திருத்தியவளுக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது அமுக்க வேண்டும் என்று தெரியாதா? வீட்டிலேயே பழகினேன். அப்புறம் தெரிந்தவர்கள் வீட்டுச் சின்ன விசேஷங்களுக்குப் போனேன், வீட்டுக்குள் நடக்கிற வளைகாப்பு, பிறந்த நாள், இப்படி. படம் நன்றாகவே வந்தது. ஒரு தொந்தரவுதான், எடுத்து முடித்துப் பார்த்தால், கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குக் கீழே, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் திரையில் என் மூக்கு வேர்வையும் பவுடரும் அப்பிக் கிடக்கும். முந்தானையால் துடைத்துக்கொள்வேன். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன்.

தையல் கடை பாண்டியம்மா, எங்கள் கடைக்கு அடுத்த கடை, ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். சின்னமனூரில் மண்டபம். "நீதான் எடுக்குற" என்றாள். ஊர் சொல்லும் என்றேன். "ஊரா எனக்கு ஜாக்கெட் தச்சுத் தருது" என்றாள். மணியிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, இந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் நான் இனி வாயைத் திறக்கவில்லை, ஏதாவது கோளாறு ஆனால் கடையைக் கொடுத்துவிடுவோம் என்றான். சரி என்றேன்.

அந்தக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆடி ஞாயிற்றுக்கிழமை, வீரபாண்டிக் கோயிலில் ஒரு காதுகுத்து. ஆற்றங்கரைக் காற்று ஆளைத் தள்ளுகிறது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்து ஆசாரி கம்பியை எடுத்ததும் நான் அமுக்கினேன். டொக் என்று ஒரு சத்தம். பார்த்தால் படத்தில் பாதி கறுப்பு, குழந்தையின் முகமே இல்லை, வீறிடுகிற வாய் மட்டும் இருக்கிறது. மறுபடி அமுக்கினால் அதுவும் இல்லை. மிச்சத்தைப் போனில் எடுத்துக் கொடுத்தேன், அந்த வீட்டார் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

மதுரையில் காட்டினேன். அமுக்கும்போது உள்ளே திறந்து மூடுகிற ஷட்டர் போய்விட்டது, பழைய மாடல், பார்ட் வருவதில்லை, சென்னையில் பாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். வாடகைக்குக் கேமரா கிடைக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கும். மணி அதைத்தான் சொன்னான், ஆனால் கேமராவோடு ஆளையும் சேர்த்துச் சொன்னான். அதுவுமில்லாமல், சொன்னால் சிரிப்பீர்கள், அவர் உயிரைவிட்டுக் காப்பாற்றிய சக்களத்தியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

சென்னையில் நல்ல கேமராக் கடை கண்டுபிடிப்பது இருக்கிறதே, அதைப் பற்றியே தனியாக ஒரு நாள் பேசலாம். காலையில் இறங்கி, குளித்து, ஆட்டோக்காரரிடம் கேமராக் கடை என்றேன். தலையை ஆட்டி நேராகக் கொண்டுபோய் ஒரு தெருவில் இறக்கினார். நாலடிக்கு ஒரு கேமராக் கடை. அசந்துபோய் ஒன்றில் நுழைந்தால், "எத்தன கேமரா மேடம்? வீட்டுக்கா, கடைக்கா? நைட் விஷன் வேணுமா?" என்கிறான் ஒருத்தன். அத்தனையும் திருடனைப் பிடிக்கிற கேமரா. இந்தக் காலத்தில் கேமரா என்றால் அதுதான் போலிருக்கிறது. அங்கிருந்து போனில் தேடி, நட்சத்திரம் நிறைய வாங்கிய ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஏ.சி. குளிரில் பல் கிட்டியது. பனியன் போட்ட பையன் கேமராவை இரண்டு விரலால் வாங்கி, இதைப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க மேடம் என்றான். இன்னொரு இடத்தில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்து, ஒரு மாதம் ஆகும் என்றார்கள். வேறொரு கடையில் என்னைப் பார்க்காமலே, "சார் வரலையா?" என்று கேட்டார்கள். அங்கே நான் நிற்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், நல்ல கடைக்காரன் கேமராவைக் கையில் வாங்கியதும் விலையைப் பேச மாட்டான், பட்டனை அமுக்கிக் காதில் வைத்துக் கேட்பான் என்று. அன்று மத்தியானம் வரை ஒருத்தனும் காதில் வைக்கவில்லை. கால் கடுத்துப்போய் ஒரு ஜூஸ் கடையில் நின்றேன். ஜூஸ் போட்ட அம்மா என் பையைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பழைய கட்டிடத்தைக் காட்டி, "மேல ஒருத்தர் ரிப்பேர் பண்றாரு, கேட்டுப் பாரேன்" என்றது. போர்டுகூட இல்லை. குறுகின மாடிப்படி, செருப்புச் சத்தம் திரும்பி நம் மேலேயே விழுகிறது. வெளியே மழை மூட்டம் போட்டிருந்தது.

மேலே ஒரே ஒரு அறை. பெஞ்சு மேல் விளக்கு, அதன் அடியில் குடல் வெளியே கிடக்கிற கேமராக்கள். நாற்பது வயது இருக்கும், தொப்பை வைத்த ஒரு ஆள், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்காச் சென்னைக்காரர். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையும் பையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அவுகா மேடமா?"

எனக்கு விளங்கவில்லை. யாரோ வடநாட்டு அம்மா வர வேண்டியிருக்கிறது போல என்று, "இல்லங்க, நான் வேற ஆளு" என்றேன்.

"தேனிதானே நீங்க?"

"ஆமா."

"அப்ப நீங்கதான். குடுங்க."

என்னிடமிருந்து பையை வாங்கி, கேமராவை எடுத்தார். பட்டனை அமுக்கி, காதில் வைத்துக் கேட்டார். "கீழ விழுந்திருக்குது. பை காப்பாத்திச்சு, ஆனா உள்ள அடி. அப்பவே போயிருக்க வேண்டியது, இவ்ளோ நாள் ஓடிச்சே" என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டு, அலமாரியில் இருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். புது ஷட்டர். மதுரையில் கிடைக்கவே கிடைக்காது என்ற பொருள், எனக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாரே. மூணு நாலு வாரம் ஆயிருக்கும், பார்ட்டு வரவே அவ்ளோ நாளாச்சு. தேனிலேர்ந்து கேமரா வரும், ஷட்டர் போயிருக்கும், வாங்கி வைங்கன்னாரு. மாடல் கரெக்டா சொன்னாரு. யார் பேருல வைக்கிறதுன்னு கேட்டேன். 'அவுக வருவாக'ன்னாரு. அது இன்னா பேரு மேடம்? நான் நார்த் சைடோன்னு நெனச்சேன்."

என் காதில் விழுந்தது அந்த ஆள் குரல் இல்லை. வார்த்தை அவர் வாயில் இருந்துதான் வந்தது, சென்னைக்காரர் நாக்கில் அது சரியாக உட்காரக்கூட இல்லை, ஆனால் அந்த இழுப்பு, வருவாக என்று கடைசியில் ஒரு சின்னச் சிரிப்போடு விடுகிற அந்த இழுப்பு இருக்கிறதே, அதை அவர் கேட்டபடியே திருப்பிச் சொன்னார்.

"அது பேரு இல்லங்க" என்றேன். "எங்க ஊர்ல மரியாதையாச் சொல்றது. அவங்கன்னு அர்த்தம்."

"அட! அப்ப பேரே இல்லியா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

கேமரா கெட்டது போன ஞாயிற்றுக்கிழமை. இவரிடம் ஆள் வந்தது மூன்று நாலு வாரத்துக்கு முன்னால். அப்போது அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. இதை நான் மனதில் இரண்டு தடவை முன்னும் பின்னும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் கேட்டேன், "ஆளு எப்படி இருந்தாரு?"

"மூஞ்சி சரியாத் தெரியல மேடம். தோ, நீங்க நிக்கிற அதே எடத்துலதான் நின்னாரு. ஜன்னல் பின்னாடி இருக்குதா, பேக்லைட்டு. வெள்ளச் சட்டை. கழுத்துக்குப் பின்னாடி காலர்ல மஞ்சத் துணி சொருகி இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் லென்ஸ் துடைக்கிற துணியை அங்கேதான் சொருகிக்கொள்வார். எத்தனை தடவை அதோடேயே சாப்பிட உட்கார்ந்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் அது பெரிய அதிசயமில்லை என்று அப்போதே என் கெமிஸ்ட்ரி சொன்னது, பாதிப் போட்டோகிராபர்கள் அப்படித்தான். கையில் போன் இருந்தது. அவர் அஞ்சலி பேனரின் படம் அதில் இருந்தது. ஊரெல்லாம் படம் எடுத்த மனுஷனுக்குத் தனியாக ஒரு படம் இல்லாமல், எங்கள் கல்யாணப் படத்தில் இருந்து என்னை வெட்டிவிட்டு நானே போட்ட பேனர் அது. விரல் அந்தப் படத்தின் மேலேயே நின்றது. காட்டவில்லை. இவர்தான் என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் அந்தப் படியில் இறங்க எனக்குத் தெம்பு இருக்காது. இவர் இல்லை என்று சொன்னாலும் அதேதான். நீங்களாக இருந்தால் காட்டியிருப்பீர்களா?

ஜன்னலுக்கு முதுகு காட்டி, அந்த இடத்திலேயே நின்றிருந்தேன் என்று திடீரென்று உறைத்தது. நகர்ந்து நின்றேன்.

சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். ஒரு ஓட்டலில் சாப்பாட்டைப் பிசைந்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போனபோது வேலை முடிந்திருந்தது. காதில் வைத்துக் காட்டினார், பழைய சத்தம், வெற்றிலை கிழிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். "கண்ணு வைக்கிற ரப்பரும் மாத்திட்டேன் மேடம்" என்றார். பழசு கிழிந்துபோயிருந்ததுதானே என்று தலையாட்டிவிட்டு, காசைக் கொடுத்துப் பில்லை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பில்லில் அவுகா மேடம், தேனி என்றே எழுதியிருந்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதில் யோசித்தேன். யாரோ விளையாடுகிறான் என்று வைத்துக்கொண்டேன். அவுக என்ற கேலி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவருடைய சிநேகிதன் எவனோ சென்னைக்குப் போன இடத்தில், இந்தக் கேமரா விழுந்த கேமராதானே, என்றைக்கு இருந்தாலும் ஷட்டர் போகும் என்று கணக்குப் போட்டு, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கலாம். இழுத்துப் பிடித்தால் பொருந்துகிறது, இல்லையா? நானும் இழுத்துத்தான் பிடித்தேன். அப்படிப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

கல்யாண நாள் வந்தது. சின்னமனூர் மண்டபத்தில் சரியான கூட்டம். மணியும் வந்து, பந்தல் கால் ஓரமாக நின்றுகொண்டான். ஐயர் தாலியை எடுத்து எல்லோரும் தொட்டுக் கும்பிடத் தட்டைச் சுற்றவிட்டார், நான் மேடையில் ஏறி என் இடத்தைப் பிடித்தேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி குரலை இறக்காமலேயே சொன்னாள்.

"மத்ததெல்லாம் எடுக்கட்டும். தாலி கட்டுறத மட்டும் வேற ஆளு எடுக்கட்டுமே. நல்ல காரியத்துல எதுக்கு."

கொட்டுக்காரர்கள்கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார்கள். இறங்கிவிடலாம் என்றுதான் காலை எடுத்தேன், அது உண்மை.

பாண்டியம்மா மேடைக்கு நடுவில் இருந்து, "எம் மக கல்யாணத்துல யாரு எங்கன நிக்கணும்னு நாஞ் சொல்றேன். ஈஸ்வரி, நீ எடு ஆத்தா" என்றாள்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். வைத்ததும் வெளியில் இருந்த சத்தமெல்லாம் தள்ளிப் போய்விட்டது. மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் முடிச்சுப் போடுகிற விரல், குனிந்த பொண்ணின் கழுத்தில் ஒட்டிய ஈர முடி. எடுத்தேன். ஒன்று விடாமல் எடுத்தேன். அன்றைக்கு எடுத்த மாதிரி நான் அப்புறம் எடுத்ததில்லை. சாயங்காலம் கடையில் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது மணி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "அண்ணன் எடுத்த மாதிரியே இருக்கு மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். கடையை விற்கிற பேச்சு அதோடு போயிற்று.

அவன் போனபின், கேமராவைத் துடைத்து வைக்கலாம் என்று முந்தானையை எடுத்தேன். பின்பக்கத் திரையில் ஒன்றுமே இல்லை. வேர்வை இல்லை, பவுடர் இல்லை. காலையில் இருந்து அத்தனை நேரம் முகத்தில் வைத்து எடுத்திருக்கிறேன், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது. அப்போதுதான் அந்த ரப்பரைக் கவனித்தேன். பழையது மாதிரி இல்லை, ஒரு விரல் அளவு பின்னால் நீண்டிருந்தது, அதனால் மூக்கு திரையில் படவில்லை. நல்ல மனுஷன், கேட்காமலேயே செய்திருக்கிறாரே என்று பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன், நன்றி சொல்லலாம் என்று.

"அய்யோ, அது என் ஐடியா இல்ல மேடம்" என்றார். "அவர்தான் சொல்லிட்டுப் போனாரு. அவுக எடது கண்ணால பாக்குறாக, மூக்கு ஸ்கிரீன்ல ஒட்டுது, முந்தானையால தொடச்சுத் தொடச்சுக் கீறல் விழுது, நீளமான ரப்பராப் போட்டு வைங்கன்னாரு. சொல்லலியா நான்?"

நான் போனை வைத்துவிட்டேனா, அவர் வைத்தாரா என்று நினைவில்லை.

கேமராவை எடுத்துக்கொண்டு மேக்கப் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். எதையும் யோசிக்காமல் தூக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். இடது கண். எனக்கே அதுவரை தெரியாது. வலது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மூக்கு திரையின் ஓரத்துக்குப் போய்விடும், இடது கண்ணால் பார்த்தால்தான் நடுத் திரையில் ஒட்டும். அவருக்கு வலது கண். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கேமராவை நான் ஒரு தடவைகூடக் கண்ணில் வைத்ததில்லை, வைக்க விட்டதில்லை. நான் எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விசேஷ வீட்டில் எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள், பொண்ணைப் பார்ப்பார்கள், போட்டோகிராபரின் மூக்கை எவன் பார்ப்பான்? அதுவும் முந்தானையால் துடைக்கிறதை? அதைப் பார்க்க வேண்டுமானால் என் தோளோடு ஒட்டி, இடது பக்கம் நின்றிருக்க வேண்டும்.

பயமாக இல்லையா என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் படுத்தேன், அதுதான் பதில். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. தொடாதே என்று அத்தனை சத்தம் போட்ட மனுஷன், நான் தொட்டபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், சத்தம் போடவில்லை, ரப்பர் மாற்றச் சொல்லியிருக்கிறார். ரொம்ப நேரம் அழுதேன். பைத்தியக்காரி மாதிரி நடுவில் சிரித்தேன்.

இப்போது கைநிறையக் கல்யாணம் வருகிறது, தாலி கட்டும் இடத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இடது பக்கம் மட்டும் நான் திரும்புவதில்லை. நீங்கள் இதையெல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லலாம், நானும் பகல் வேளையில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றுக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணம். பட்டப்பகல், மேடையில் நிற்க இடமில்லை, ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முன்பின் தெரியாத ஒரு சின்னப் பொண்ணு, பாவாடை தாவணி, போனைப் பார்த்துக்கொண்டே என் இடது பக்கம் இடித்துக்கொண்டு நுழைந்தது. நான் கேமராவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைத்திருக்கிறவள் சொல்கிற மாதிரி, என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"தள்ளி நில்லு தாயி. அங்கன ஆளு இருக்கு."

அந்தப் பொண்ணு நிமிர்ந்து பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரமாகப் பார்த்து, "சாரிண்ணே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனது.